என்புருக்கி நோய்

மாந்தரைத் தொன்றுதொட்டு வருத்திவரும் பிணிகளுள் காசநோயும் ஒன்று. எகிப்து நாட்டில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பதப்படுத்தி அடக்கம் செய்யப்பெற்ற உடல்கள் சிலவற்றின் முதுகெலும்பில் இந்நோயின் வடுக்கள் காணப்பெற்றுள்ளன. வடமொழி மருத்துவ நூலோர் இதனை க்ஷயம் என்றனர். அச்சொல்லுக்குத் தேய்தல் என்பது பொருள். மனைவியர் இருபத்தெழுவருள் உரோகிணி ஒருத்தியிடமே அன்பு பாராட்டிய திங்களைத் தக்கன் சபித்தான் என்றும், அதனால் திங்கள் இந்நோயுற்றுத் தேய்ந்தான் என்றும் புராணம் கூறும். தமிழ்ப் பெயர்க்குக் கதை எதுவும் வேண்டுவதில்லை. உடம்பை இளைக்கச் செய்து, தசையைக் கரைத்து, ஈற்றில் என்பையும் உருக்குவதுபோலத் தோன்றுதலின் மக்கள் இதனை என்புருக்கி என்றனர். இப்பெயரை இட்டவர் நோயாளியின் அருகிருந்து நாடோறும் கண்டவராகவே இருத்தல் வேண்டும்.

ஒரு குடும்பத்தில் ஒருவர்க்கு இந்நோய் வந்தால் பின்னர் அக்குடும்பத்தில் வேறு சிலர்க்கும் வருதலைக் கண்டோர், இது குலவழி வருவது என்று நெடுங்காலம் கருதினர். அவ்வீட்டில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் அஞ்சினர். அக்கருத்துப் பிழை என்பது 1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் வெளியாயிற்று. அன்று செருமனி நாட்டின் தலைநகராகிய பெர்லினில் இராபர்ட் காக் என்னும் மருத்துவ அறிஞர், காசநோய்க்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத ஒருவகை நுண்கிருமியே என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிக் காட்டினார். இறப்போர் எழுவருள் ஒருவர் இந்நோயால் மாய்கின்றனர் என்றும் அவர் அவ்வுரையில் எடுத்துரைத்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கொள்ளப்படுகின்றது.

இக்கிருமி காற்றின்வழிப் பரவுவது. நுரையீரலில் நோயுடைய ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நுண்ணிய நீர்த்துளிகளில் கிருமி தங்கிக் காற்றில் மிதக்கும். அக்காற்றை மற்றொருவர் உள்ளிழுக்க, அவர் நுரையீரலை அஃது அடையும். உண்கலத்தாலோ, உடையாலோ, கைதொட்டுப் பேசுவதாலோ இந்நோய் பரவுவதில்லை. ஆயினும் நோயாளிக்குத் தனித்தட்டும் தனிக்குவளையும் வைத்து ஒதுக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் மாறவில்லை. காற்றோட்டமில்லாத சிற்றறையின் சன்னலைத் திறந்து வைப்பதால் விளையும் நன்மையில் நூற்றில் ஒரு பங்கும் அவ்வொதுக்கத்தால் விளையாது.

கிருமி உட்புகுந்தோர் அனைவரும் நோயுறுவதில்லை. உலக மக்களுள் ஏறத்தாழக் காற்பங்கினர் உடலில் இக்கிருமி புகுந்திருக்கக்கூடும் என அறிஞர் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் நூற்றுக்கு ஐவர் முதல் பதின்மர் வரையிலானோரே வாழ்நாளில் என்றேனும் நோய்வாய்ப்படுவர். ஏனையோர் உடலில் அது சிறைப்பட்டுக் கிடக்கும். பசியும், நீரிழிவும், புகையும், மதுவும், உடலின் காப்பாற்றலை அழிக்கும் எச்.ஐ.வி. போன்ற பிணிகளும் அச்சிறையின் கதவைத் திறந்துவிடுவன. இக்கிருமிக்கு மெழுகு போன்ற தடித்த புறத்தோல் உண்டு. பிற கிருமிகள் பல அரைமணிக்கு ஒருமுறை இரண்டாகப் பெருக, இஃது ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறையே பெருகும். மெல்லப் பெருகி, மெல்லக் கொன்று, மருந்துக்கும் மெல்லவே அடங்கும் இயல்பினது இது. இதனை நினைவிற் கொண்டால் பின்வரும் வரலாறு முழுவதும் எளிதில் விளங்கும்.

மருந்து காணப்பெறாத காலத்தில் தூய காற்றும், ஓய்வும், நல்லுணவுமே மருந்தாகக் கருதப்பட்டன. 1854ஆம் ஆண்டில் எர்மன் பிரெமர் என்பார் சைலீசியா நாட்டு மலைப்பகுதியில் இதற்கெனவே ஒரு மருத்துவ இல்லம் அமைத்தார். அதனைப் பின்பற்றி ஐரோப்பா எங்கும் சானடோரியங்கள் எழுந்தன. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய இல்லம் ஒன்றை நடத்தியவர் சௌரி முத்து என்னும் தமிழ்நாட்டு மருத்துவர். கணித மேதை இராமானுசன் இங்கிலாந்தில் நோயுற்றபோது, 1917ஆம் ஆண்டில் அவர் இல்லத்தில் சிறிது காலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். இராமானுசனைப் பற்றியது காசநோயே என அக்காலத்து மருத்துவர் பலர் எண்ணினர். கல்லீரலைத் தாக்கும் வேறொரு நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தார் சிலர் ஆராய்ந்து கூறியுள்ளனர். சௌரி முத்து தாயகம் திரும்பி, 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் ஒரு காசநோய் மருத்துவ இல்லம் நிறுவினார். அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே வழங்குகின்றது.

சானடோரியங்களால் நலமுற்றோர் உண்டு. ஆயினும் அவை பெரும்பாலும் செல்வர்க்கும், நாட்கணக்கில் வேலையை விட்டிருக்க இயன்றவர்க்குமே பயன்பட்டன. இங்கிலாந்து முதலிய நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கியே, மருந்து தோன்றுமுன்னரே, இந்நோயால் இறப்போர் தொகை குறைந்து வந்தது. உணவும் உறையுளும் திருந்தியமையே அதற்குப் பெருங்காரணம் என்பர் ஒரு சாரார். இக்கருத்துப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இரண்டு உலகப்போர்களின்போதும் உணவு குன்றிய நாடுகளில் நோய் மீண்டும் பெருகியதை எவரும் மறுத்திலர்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைக் கண்டறிந்தார். பிரிட்டனில் நடந்த சோதனையில் அம்மருந்து பெற்ற 55 பேருள் நால்வரே ஆறு திங்களுக்குள் இறந்தனர். பெறாத 52 பேருள் இறந்தோர் 14 பேர். இச்செய்தி 1948ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவ்வாண்டில்தான் தமிழ்ச் சிறுகதைக்குப் புதுநெறி வகுத்த புதுமைப்பித்தன் தம் 42ஆம் வயதில் காசநோயால் மறைந்தார். மருந்து பிறந்துவிட்டது, ஏழை எழுத்தாளர் கைக்கு எட்டும் தொலைவில் அஃது இல்லை.

மேற்கூறிய சோதனையிலேயே ஒரு தீமையும் வெளிப்பட்டது. சில திங்களில் கிருமிகள் அம்மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டன. நலமுற்றோர் பலர் மீண்டும் நோயுற்றனர். ஒரு மருந்தை எதிர்க்கவல்ல கிருமி இலட்சத்தில் ஒன்றாகவேனும் உடலில் இருக்கும். மற்றவை மடிய, அஃது ஒன்றே பெருகும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பின், ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றுக்கு இரையாகும். ஆகவே பி.ஏ.எஸ். என்னும் மருந்தைத் துணையாகக் கொண்டனர். 1952ஆம் ஆண்டில் ஐசோனியாசிட் என்னும் மலிவான மாத்திரையும் வந்து சேர்ந்தது. இப்பொருளை 1912ஆம் ஆண்டிலேயே பிராக் நகரத்து மாணவர் இருவர் ஆய்வுக்கூடத்தில் ஆக்கியிருந்தனர் என்பது வியப்பு. அதன் ஆற்றலை அறிவார் இன்மையின் நாற்பதாண்டுகள் அது வீணே கிடந்தது. அந்நாற்பதாண்டுகளில் மாண்டோர் எத்தனை பேரோ!

இனி உலகின் கவனம் சென்னை நோக்கித் திரும்பிய வரலாற்றைக் காண்போம். 1950களில் இந்தியாவில் நடந்த கணக்கெடுப்பால், மக்களுள் ஆயிரவரில் நால்வர் பிறர்க்குப் பரப்பவல்ல காசநோய் உடையவர் என அறியலாயிற்று. அவ்வளவு பேர்க்கும் மருத்துவமனையில் படுக்கை அமைத்தல் பல தலைமுறைகளுக்கும் இயலாத செயல். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாமோ எனின், ஐயங்கள் பல எழுந்தன. ஒற்றை அறையில் குடும்பம் முழுவதும் நெருங்கி வாழும் ஏழையர் வீட்டில் ஓய்வு ஏது? நல்லுணவு ஏது? உடனுறையும் குழந்தைகட்கு நோய் பரவாதோ?

இவ்வையங்களுக்கு விடை காணும்பொருட்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கூடி 1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதனைத் தலைமையேற்று நடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் இருநூற்றுவர்க்குச் சற்றுக் குறைவானோர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவருள் யார் சானடோரியம் செல்வது, யார் வீட்டிலிருப்பது என்பதை மருத்துவர் தம் விருப்பம்போல் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவதை ஒத்த முறையால் முடிவு செய்தனர். மருத்துவரே தேர்ந்தெடுத்திருப்பின், இரக்கத்தால் மெலிந்தோரைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பர். ஆய்வின் துலாக்கோல் சாய்ந்திருக்கும்.

இருசாரார்க்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன. சானடோரியத்தில் இருந்தோர் கட்டிலில் ஓய்ந்திருந்தனர். பாலும் பிறவும் உண்டனர். செவிலியர் கையால் மருந்து பெற்றனர். வீட்டிலிருந்தோர் வாரந்தோறும் நிலையத்திற்கு வந்து மருந்து வாங்கிச் சென்றனர், எஞ்சிய நேரத்தில் பலர் வேலைக்கும் சென்றனர், கிடைத்ததை உண்டனர். ஆண்டு முடிவில் சானடோரியத்தார் எடை மிகுதியாகக் கூடியிருந்தது. ஆயினும் நோய் அடங்கியதில் இருசாரார்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஈரிடத்தும் பத்தின் ஒன்பது பங்கினர் அளவினர் நலமுற்றனர். ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் அந்நிலை மாறவில்லை.

இதனினும் பெருவியப்பு ஒன்று உண்டு. வீட்டில் நோயாளியோடு உடனுறைந்த மனைவி மக்களுக்கு, சானடோரியம் சென்றவரின் மனைவி மக்களைவிட மிகுதியாக நோய் வரவில்லை. மருந்து உட்கொள்ளத் தொடங்கியதும் நோயாளி கிருமியைப் பரப்பும் ஆற்றல் விரைவில் குன்றிவிடுகின்றது. உடனுறைவோரைத் தொற்றுவது பெரும்பாலும் நோய் இன்னதென அறியப்படுவதற்கு முற்பட்ட நாட்களிலேயே நிகழ்ந்துவிடுகின்றது. ஆதலின் நோயாளியைப் பிரித்து வைத்தலினும் விரைந்து கண்டுபிடித்து மருந்து கொடுத்தலே குடும்பத்தைக் காக்கும் வழி என்பது விளங்கிற்று. 1959ஆம் ஆண்டு இவ்வாய்வின் முடிவு வெளியானபின், செல்வ நாடுகளும் தம் சானடோரியங்களை ஒவ்வொன்றாக மூடலாயின.

மருந்து கொடுத்தலே போதும் என்று கூறுதல் எளிது. அதனை உட்கொள்ளச் செய்தல் அரிது. இரண்டு மூன்று திங்களில் இருமல் நின்று, பசியெடுத்து, உடல் தேறியதும், ‘இனி மருந்து எதற்கு?’ என்று நோயாளி எண்ணுவது இயல்பு. பி.ஏ.எஸ். மருந்தோ அளவில் பெரிது, வயிற்றைப் புரட்டுவது. சென்னை நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். ஒழுங்காக வாங்கிச் செல்வோர் அனைவரும் ஒழுங்காக உட்கொள்வதில்லை என்பது தெரிந்தது. அதன்பின் 1960களில், வாரம் இருமுறை நிலையத்திற்கு வரச்செய்து, பணியாளர் கண்முன்னரே மருந்து கொடுக்கும் முறையை ஆய்ந்து அதன் பயனையும் நிறுவினர். மருத்துவத்திற்குரிய உறுப்புகளை நான்காக வகுத்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, அருகிருந்து மருந்தளிப்பவனையும் நான்காமவனாக வைத்தமை இங்கு எண்ணத்தக்கது.

இக்காலத்தில் பெங்களூரிலும் ஓர் ஆய்வு நடந்தது. சிற்றூர் மக்கள் அறியாமையால் மருத்துவரை நாடுவதில்லை என்பது கற்றோர் பலரின் எண்ணம். 1963ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வு வேறொன்றைக் காட்டிற்று. சளியில் கிருமியுடையோருள் பாதிக்கு மேற்பட்டோர் முன்னரே மருத்துவ நிலையங்களுக்குச் சென்றிருந்தனர். அங்கு அவர்கள் சளி சோதிக்கப்படவில்லை; ஒரு புட்டி இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டனர். அறியாமை யாரிடத்தது என்பதைக் கற்பார் உணர்வாராக.

பின்னர் ரிபாம்பிசின், பைரசினமைடு என்னும் மருந்துகள் சேர்ந்தமையால், ஓராண்டு, ஒன்றரையாண்டு என நீண்ட மருத்துவம் ஆறு திங்களாகச் சுருங்கிற்று. ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் காரல் ஸ்டைப்ளோ என்னும் மருத்துவர், வறிய நாடும் இம்மருத்துவத்தை ஒழுங்காக நடத்த முடியும் என்று 1970களின் இறுதி தொடங்கிச் செய்து காட்டினார். எனினும் செல்வ நாடுகள், நோய் ஒழிந்தது எனக் கருதிப் பொருளுதவியைக் குறைத்தன. பகை மடியுமுன் படையைக் கலைத்ததை ஒக்கும் இச்செயல். அந்நேரத்தில் எச்.ஐ.வி. பரவிற்று. ஆப்பிரிக்காவில் காசநோய் தீயெனப் பெருகியது. அமெரிக்காவிலேயே 1985 முதல் 1992 வரை நோயாளர் தொகை ஏறிச்சென்றது. 1993ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய நெருக்கடி என அறிவித்தது. ‘டாட்ஸ்’ என்னும் பெயரால் உலகெங்கும் பரவிய கண்காணிப்பு மருத்துவ முறையின் வேர்களுள் ஒன்று சேத்துப்பட்டில் ஊன்றியது.

மருந்தை இடையிடையே விட்டதாலும், பிழைபடக் கொடுத்ததாலும், ஐசோனியாசிட், ரிபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத கிருமிகள் பல நாடுகளில் தோன்றின. அத்தகையோர்க்கு ஈராண்டு வரையில் மருந்தும் ஊசியும் தேவைப்பட்டன. ஊசியால் செவிப்புலன் இழந்தோரும் உளர். பெடாக்குயிலின் என்னும் புதிய மருந்து 2012ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனை உள்ளிட்ட நான்கு மருந்துகளைக்கொண்டு ஆறு திங்களில், ஊசியின்றி, மருத்துவம் செய்யும் முறையை 2022ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

உலகின் இன்றைய நிலை யாது? 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 8 இலட்சம் பேர் புதிதாகக் காசநோயுற்றனர். பன்னிரண்டரை இலட்சம் பேர் இறந்தனர். நோயுற்றோருள் நான்கில் ஒரு பங்கினும் சற்று மிகுதியானோர் இந்தியர். இந்தோனேசியா, சீனம், பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான் ஆகியவை அடுத்து நிற்பன. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது காசநோய் குறைந்தது போலத் தோன்றிற்று. 2019இல் 71 இலட்சம் பேர் கண்டறியப்பட, 2020இல் 58 இலட்சம் பேரே கண்டறியப்பட்டனர். நோய் குறையவில்லை, தேடுவார் குறைந்தனர். அவ்வாறு கண்டறியப்படாது கிடந்தோரால் பின்வந்த ஆண்டுகளில் இறப்பும் தொற்றும் கூடின. 2015 முதல் 2023 வரையில் உலகில் புதிய நோயாளரின் வீதம் நூற்றுக்கு எட்டு அளவே குறைந்தது. இந்தியாவில் இலட்சம் பேர்க்கு 237 என இருந்தது 195 ஆகக் குறைந்தது. உலகம் மேற்கொண்ட குறிக்கோள், 2030ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு எண்பது குறைத்தல் என்பது.

உணவைப் பற்றிய பழைய வினா இந்நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. சேத்துப்பட்டு ஆய்வைப் படித்தோர் சிலர், காசநோய்க்கு மருந்தே போதும், உணவு ஒரு பொருட்டன்று எனக் கொண்டனர். அஃது ஆய்வு கூறாத ஒன்றை அதன் வாயில் திணிப்பதாகும். மருந்து உட்கொண்டு நோய் அடங்குதற்குச் சானடோரியத்து உணவு இன்றியமையாததன்று என்பதே அது காட்டியது. நோய் வாராமற் காப்பதற்கு உணவு வேண்டுமோ என்பது வேறு வினா. அதற்கு விடை சார்க்கண்டு மாநிலத்தில் கிடைத்தது. 2019ஆம் ஆண்டு தொடங்கி அம்மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், நோயாளிகளின் குடும்பத்தார் பதினாயிரவர்க்கு மேற்பட்டோரிடையே ஆய்வு நிகழ்ந்தது. நோயாளிகள் அனைவர்க்கும் உணவு வழங்கப்பட்டது. குடும்பத்தாருள் ஒரு சாரார்க்கு மட்டும் திங்கள்தோறும் அரிசியும் துவரம்பருப்பும் சத்து மாத்திரைகளும் கூடுதலாக வழங்கப்பட்டன. உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுதல் நூற்றுக்கு நாற்பது அளவு குறைந்தது. நோயாளிகளுள்ளும் முதல் இரு திங்களில் எடை கூடியவர் மிகுதியாகப் பிழைத்தனர். 2023ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வில் பங்குகொண்டது, முற்காலச் சேத்துப்பட்டு நிலையமே. அஃது இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் பெற்றுள்ளது. மருந்துண்ணும் நோயாளிக்கு இந்திய அரசு 2018 முதல் உணவுக்கெனத் திங்கள்தோறும் 500 ரூபாய் வழங்கிற்று. 2024ஆம் ஆண்டு நவம்பரில் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்ந்தது.

மருந்து தொடங்கியபின்னும் முதற் சில வாரங்களில் இறப்போர் உளர். அவர்கள் பெரும்பாலும் மிக மெலிந்த நிலையில் வந்தவர்கள். இதனைக் கருதித் தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. புதிய நோயாளி ஒருவர் வந்தவுடன் அவர் உயரமும் எடையும் அளக்கப்படும். காலில் வீக்கம் உண்டோ என நோக்கப்படும். மூச்சின் விரைவும் குருதியில் உயிர்வளியின் அளவும் கணிக்கப்படும். துணையின்றி நிற்க இயலுமோ என்று பார்க்கப்படும். இவற்றிற்குப் பெரிய பொறிகள் வேண்டா. செவிலியர் ஒருவரே சில நிமிடங்களில் செய்துவிடலாம். குறையுடையவர் எனக் கண்டால் உடனே மருத்துவமனையில் சேர்த்துப் பேணுகின்றனர். சானடோரியம் எல்லார்க்கும் வேண்டா என்று உலகிற்குக் காட்டிய தமிழகம், படுக்கை யார்க்கு வேண்டும் என்பதையும் இவ்வாறு பிரித்தறியத் தொடங்கியது.

எஞ்சியது தடுப்பு மருந்து. பிரான்சு நாட்டினராகிய கால்மெட், கெரான் இருவரும் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து ஆக்கிய பி.சி.ஜி. 1921ஆம் ஆண்டில் முதன்முதல் ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டு முதல் அது வழங்கிவருகின்றது. அதனை ஆக்கும் கூடம் கிண்டியில் அவ்வாண்டே அமைந்தது. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயை இது தடுக்கும். ஆனால் 1968இல் தொடங்கிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே நடந்த பேராய்வு, வளர்ந்தோரின் நுரையீரல் நோயை அது தடுக்கவில்லை என்று காட்டிற்று. விரும்பாத விடையாயினும் அதனை மறையாது வெளியிட்டனர். நூறாண்டு கடந்தும் பி.சி.ஜி. ஒன்றே கையிலிருக்க, எம்72 என்னும் புதிய தடுப்பு மருந்தின் இறுதிநிலைச் சோதனை 2024ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. முந்திய சிறு சோதனையில் அது நோயைப் பாதியளவு தடுத்திருந்தது. கென்யா, சாம்பியா, மலாவி, இந்தோனேசியா முதலிய நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 பேர்க்கு அதனை இட்டும் இடாதும் சில ஆண்டுகள் தொடர்ந்து நோக்குவதாக அதனை நடத்துவோர் திட்டமிட்டனர்.